போக மட்டுமா, போய்வரவா

— மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்காதீங்க அண்ணி, நம்பரைச் சொல்லுங்க.

— இரு. டிக்கிக் கதவை இன்னும் கொஞ்சம் மேல தூக்கு. உன் நிழல் காகிதத்து மேல விழுது.

— தூக்கியாச்சு. ரைட்.

— இருபத்துநாலு.

— அவ்வளவுதானே. எங்க அண்ணன் அட்டையில எழுதி செவுத்துல ஒட்டியிருக்கிற அதே இருபத்துநாலு. மொதல்ல அந்தப் பாட்டை நிறுத்துங்க, தாடை எல்லாம் ஆடுது. பேப்பரைப் பிச்சுப் போட்டுட்டுக் கையைக் கழுவுங்க, கெளம்பற வழியைப் பாப்போம்.

— பாட்டு இல்ல இது, ஒரே சுதி. நிறுத்திட்டேன், போதுமா. ஆனா அந்த இருபத்துநாலு வேற, இந்த இருபத்துநாலு வேற.

— இருபத்துநாலுல என்ன ரெண்டு ரகம்? பஸ் கண்டக்டர்கிட்டப் பேசறீங்க, பாத்துப் பேசுங்க. நம்பர்தான் எனக்குச் சோறு போடுது.

— கிட்ட வந்து பாரு. இந்தப் பெரிய ஸ்பீக்கர், வூஃபர் நடுவுல ஒரு காகித முக்கோணத்தை நட்டு வச்சிருக்கேன் இல்ல?

— பாய்மரம் மாதிரி நிக்குதே, இதானே. வெளையாட்டுக்கு வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்.

— வூஃபரோட கோன், இந்தக் கூம்பு, முன்னும் பின்னும் ஆடும்போது இதுவும் கூடவே ஆடும். ரொம்ப வேகமா ஆடறதால கண்ணுக்கு ரெண்டு முக்கோணம் தெரியும். அது ரெண்டும் எந்த எடத்துல வெட்டிக்குதோ, அங்க எழுதியிருக்கிற எண்தான் மொத்த ஆட்டம். மில்லிமீட்டர் கணக்கு. அதுல பாதி முன்னால, பாதி பின்னால.

— அப்ப இப்ப பாத்த இருபத்துநாலுன்னா?

— முன்னால பன்னெண்டு, பின்னால பன்னெண்டு. ஆனா உங்க அண்ணன் சொல்றது என்ன? முன்னால மட்டுமே இருபத்துநாலு தாங்கும், பின்னாலயும் இருபத்துநாலு தாங்கும்னு. அதை நம்பித்தான் ஆம்ப்ல கெயினை, இந்தச் சத்தம் ஏத்தற திருகை, ஒம்பதுல வச்சிருக்கார். நான் ஆறுக்கு எறக்கி வச்சு அளந்தேன்.

— அப்ப இன்னும் பாதி பாக்கி இருக்கு. நல்லதுதானே அண்ணி. பஸ்ஸு பாதி காலி, இன்னும் ஆள் ஏத்தலாம்.

— அப்படித்தான் இருக்கணும். ஆனா ஆறைத் தாண்டினா சத்தம் கலங்குது. எட்டுல வச்சா டக் டக்குனு அடிக்குது. பாதி காலியா இருக்கிற பஸ்ஸு எதுக்கு மேடு ஏற முடியாம முக்கணும்?

— அந்த டக் டக்தான் குத்து. எங்க அண்ணனோட குத்து. அதைக் கேக்கறதுக்குத்தானே இந்தக் கடையைத் தேடி வர்றாங்க. மத்த கடையில வூஃபர் உறுமும், நம்ம கடையில குத்தும். போர்டுலயே எழுதியிருக்கான்.

— தெரியும். அந்த போர்டுக்கு பெயின்ட் டப்பாவைப் புடிச்சுக்கிட்டு நின்னவளே நான்தான்.

— அப்புறம் என்ன சந்தேகம்? அவன் பத்து வருஷமா இதே தொழில்ல இருக்கான். நீங்க அந்தச் சாயங்காலக் காலேஜுல சேந்து எத்தனை மாசம் ஆச்சு?

— எட்டு. நடுவுல மூணு வாரம் காய்ச்சல்.

— அதையும் கழிச்சுடுவீங்களே.

— உண்மையைத்தானே சொல்றேன். அதனாலதான் என் சந்தேகம் அவர் மேல இல்ல, என் மேல. இந்த முக்கோணத்தை நாலு தடவை வரைஞ்சேன். மொதல் தடவை ஸ்கேல் ஓரம் தேஞ்சு போயிருந்துச்சு, ஆரம்பக் கோடே ஒரு மில்லி தள்ளி விழுந்துடுச்சு. ரெண்டாவதுல பசை காயல, காகிதம் சாஞ்சுடுச்சு. மூணாவது ஒழுங்கா வந்துச்சு, ஆனா எனக்கு நம்பிக்கை வரல. இது நாலாவது. நாலும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் காட்டுது.

— நாலு செக்கர் ஏறி, நாலு பேரும் ஒரே ஆளைப் புடிச்சா, அந்த ஆளுகிட்ட டிக்கெட் இல்லன்னு அர்த்தம்.

— நாலு செக்கரும் ஒரே ஆளா இருந்தா? வரைஞ்சது நாலும் நான்தானே. எங்கயோ எல்லாத்தையும் பாதி பாதியா காட்டற மாதிரி வரைஞ்சுட்டேன்னு தோணுது. சரி, நீ மொதல்ல சொன்னதுதான் சரி. பிச்சுடறேன். அவர் பேட்டரி வயர் வாங்கிட்டு வர்றதுக்குள்ள கெயினைப் பழையபடி ஒம்பதுல வச்சுடலாம்.

— அப்படி வாங்க வழிக்கு. நாலு மணிக்கு சத்தப் போட்டி, மைதானத்துல வண்டி நிக்கணும். நான் இதுக்குன்னே லீவு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன். டிப்போவுல பாதிப் பேரு வர்றாங்க தெரியுமா? எங்க அண்ணன் வண்டி கத்தற கத்துல உங்க கண்ணாடியெல்லாம் பத்திரம்னு டிரைவருங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன்.

— அதை நெனச்சாதான் எனக்குக் கெளம்பவே மனசு வரல.

— எதுக்கு?

— பாட்டுன்னா ஏறும், எறங்கும். நடுவுல வூஃபர் மூச்சு வாங்கிக்கும். போட்டியில அப்படி இல்ல. ஒரே சுதி, முழு வேகம், முப்பது செகண்டு. நடுவுல கோன் கிழிஞ்சுதுன்னா, உன் டிப்போ மொத்தத்துக்கும் முன்னாடி அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கணும்.

— வாயைக் கழுவுங்க அண்ணி. கெளம்பற நேரத்துல கிழியறதைப் பத்திப் பேசிக்கிட்டு. அந்த அட்டையில என்னதான் எழுதியிருக்கான், நானே பாக்கறேன். எழுத்தா இது, கோழி கிண்டி வச்சிருக்கு. 'வூஃபர் எல்லை இருபத்துநாலு.' அவ்வளவுதான் இருக்கு.

— அவ்வளவுதான்.

— இது ஒன்வேயா, ரிட்டனா?

— என்னது?

— இருபத்துநாலுன்னு மொட்டையா எழுதி வச்சா எப்படி? போக மட்டுமா, போய்வரவா? யாரு ஏறினாலும் நாங்க மொதல்ல அதைத்தான் கேப்போம். போன மாசம் ஒருத்தர், கையில ரிட்டன் டிக்கெட். அதுல மொத்தமா இருபத்துநாலு கிலோமீட்டர்னு போட்டிருக்கும், போக பன்னெண்டு, வர பன்னெண்டு. கடைசி ஸ்டாப் வந்தாச்சு எறங்குங்கன்னா எறங்க மாட்டேங்கறார். டிக்கெட்ல இருபத்துநாலு இருக்கு, பன்னெண்டுதான் ஆச்சு, இன்னும் ஓட்டுங்கறார். அதுக்கு மேல ரோடே இல்ல சார், செவுருதான் இருக்கு, முட்டிக்கலாமான்னு கேட்டேன். ஏன் அண்ணி அப்படிப் பாக்கறீங்க?

— இன்னொரு தடவை சொல்லு.

— செவுருதான் இருக்கு, முட்டிக்கலாமான்னு...

— அதுக்கு முன்னாடி.

— போக மட்டுமா, போய்வரவான்னு கேட்டேன். தப்பா?

— பரண் மேல இந்த வூஃபர் வந்த அட்டைப்பெட்டி கெடக்கும். கம்பெனிக்காரன் வச்ச தாள் அதுக்குள்ளதான் இருக்கணும். ஏணியைப் புடி, நான் ஏறறேன்.

— புடவையோடயா? எறங்குங்க, நான் ஓடற பஸ்ல ஏறி எறங்கறவ.

— நீ ஏணியைப் புடிச்சா போதும். ஆட்டாதே.

— நான் ஆட்டல, உங்க காலுதான் ஆடுது. என்ன இருக்கு மேல?

— தூசி. பழைய ஃபேன். அட்டைப்பெட்டி கெடச்சுடுச்சு. இரு, இங்க இன்னொண்ணு இருக்கு. சாக்குல சுத்தி... ஏய், இதெல்லாம் கிழிஞ்ச வூஃபர். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னாரே.

— எதுக்கு வச்சிருக்கான்? நாத்தமடிக்குது.

— ஒவ்வொண்ணுலயும் சீட்டு கட்டியிருக்கு. வாடகை வண்டிக்காரர். காய்கறி வேன். டாக்டர் மகன். பால் வண்டி. இது... 'பெட்டி'ன்னு மட்டும் எழுதியிருக்கு.

— அது அண்ணனோட பழைய கூட்டாளி, பெட்டிக்காரரோட வண்டியில இருந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மைதானத்துலயே கிழிஞ்சுதே, அது. நீங்க அன்னைக்கு வரல. நான் பாத்தேன். கூட்டாளிங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் அடிக்காத கொறைதான். நீ செஞ்ச வூஃபர் பெட்டி சரியில்ல, காத்து ஒழுகுது, அதான் கிழிஞ்சுதுன்னு அண்ணன் கத்தறான். என் பெட்டியைக் குத்தம் சொன்னா என்னைக் குத்தம் சொன்ன மாதிரின்னு அவர் கத்தறார். அன்னைக்கு அவர் வேற கடை போட்டுக்கிட்டுப் போனவர்தான். எட்டு வருஷம் ஒரே டிபன் டப்பாவுல சாப்பிட்டவங்க, இப்ப எதிர்ல வந்தா ரோட்டை மாத்திக்கறாங்க.

— தாள் கெடச்சுது.

— படிங்க.

— இரு, எறங்கிக்கறேன். வெளிச்சத்துக்கு வா. இந்த வரியைப் பாரு. கோன் ஆட்ட எல்லை, இருபத்துநாலு மில்லிமீட்டர். பக்கத்துல பொடி எழுத்துல, பி, கோடு, பி.

— பிபியா? வூஃபருக்கு ரத்தக் கொதிப்பா?

— கரண்டு பாடத்துல எங்க சார் நடத்தினார். பீக் டு பீக். இந்த உச்சியிலேர்ந்து அந்த உச்சி வரைக்கும். மொத்தமா.

— ரிட்டன்.

— ரிட்டன். ஒரு பக்கத்துக்குப் பன்னெண்டுதான். அதுக்கு மேல ரோடு இல்ல.

— அப்ப உங்க முக்கோணம்?

— சரியாத்தான் காட்டியிருக்கு.

— நாலும்?

— தேஞ்ச ஸ்கேல்ல வரைஞ்சதைத் தவிர.

— இந்த நேரத்துலயும் அதை விடமாட்டேங்கறீங்க பாருங்க. உக்காருங்க அண்ணி.

— எனக்குப் பயமா இருக்கு. நான் சரியா இருக்கிறது இவ்வளவு பயமா இருக்கும்னு தெரியாது.

— அண்ணன்கிட்ட யாரு சொல்றது?

— நீ சொல்லு. நீ தங்கச்சி.

— நான் சொன்னா டிக்கெட் கிழிக்கிற வேலையைப் பாருன்னுவான். நீங்க படிச்சவங்க.

— எட்டு மாசம்.

— மூணு வாரம் காய்ச்சல். தெரியும். வண்டிச் சத்தம் கேக்குது, வந்துட்டான்.

— ஏணியை யாரு எறக்கினது? கண்டக்டரம்மா, கடைக்குள்ள என்ன நடக்குது? வயரைப் புடி, கனமா இருக்கு.

— குடு அண்ணா. ஒண்ணும் நடக்கல. சும்மா, தூசி தட்டினோம்.

— போட்டிக்குக் கெளம்பற அன்னைக்கா தூசி தட்டறீங்க? நான் கேக்கறது புரியுதா, கெயின் ஏன் ஆறுல நிக்குது? ஒம்பதுல வச்சுட்டுப் போனேன்.

— அது நான்தான் அண்ணா, கை பட்டு...

— அவ இல்லங்க. நான்தான் குறைச்சேன்.

— எதுக்கு?

— அளக்கறதுக்கு.

— காலேஜு, இந்தக் கடையில அளவுகோல் இது ரெண்டுதான். இந்தக் காது, அந்தக் காது. நான் சொல்றது புரியுதா? பத்து வருஷம் இதை வச்சுத்தான் ஓட்டியிருக்கேன். நடுவுல அது என்ன, வூஃபர் மேல கொடி பறக்குது?

— உக்காருங்க, சொல்றேன்.

— உக்கார நேரமில்ல. சொல்லு.

— நம்ம அட்டையில எல்லை இருபத்துநாலுன்னு இருக்கு. அது போய்வர. ஒரு பக்கத்துக்குப் பன்னெண்டுதான். நாம ரெண்டு மடங்கு ஓட்டிக்கிட்டிருக்கோம்.

— யாரு சொன்னது, உங்க வாத்தியாரா? அவரை வண்டியில உக்காந்து ஒரு நாள் குத்து கேக்கச் சொல்லு. இருபத்துநாலுல ஓட்டினா என்ன வருதுன்னு அவருக்குத் தெரியுமா? கண்டக்டரம்மா, நீயே சொல்லு, நம்ம குத்து மாதிரி எங்கயாவது கேட்டிருக்கியா?

— கேட்டதில்லதான் அண்ணா. ஆனா அண்ணி சொல்றதையும் ஒரு நிமிஷம்...

— நீயுமா?

— நீங்க காதாலயே பாருங்க. நான் வாயால ஒண்ணும் சொல்லல. சுதியை ரொம்பக் கீழ எறக்கறேன், கோன் மெதுவா ஆடும். கெயின் எட்டு. விரலை ஓரத்துல லேசா வைங்க. அழுத்தாதீங்க.

— வச்சாச்சு.

— குத்து வருதா?

— வருது. இதோ, இதோ. இதுக்காகத்தான்...

— எப்ப வருது? கோன் உங்களைப் பாத்து வரும்போதா, உள்ள போகும்போதா?

— வரும்போது... இரு. இன்னொரு தடவை போடு.

— ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அவசரம் இல்ல.

— உள்ள போகும்போது.

— குத்தறவன் கையை முன்னால நீட்டறப்பதானே அடி விழணும்?

— ஆமா. அப்ப இது என்ன?

— உள்ள ஒரு இரும்புத் தட்டு இருக்கு. கோனோட ஒட்டின கம்பிச் சுருள் போயி அதுல இடிக்குது. நாம பேரு வச்ச மாதிரி அது குத்து இல்லங்க. முட்டு.

— நிறுத்து.

— நிறுத்திட்டேன்.

— அந்தத் தாளைக் குடு. இந்தப் பொடி எழுத்தா? இதை நான் பாத்தேன். கம்பெனி பேரோட மொத எழுத்துன்னு நெனச்சேன்.

— யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பாங்க.

— நீ நெனக்கலையே.

— நானும் கண்டுபுடிக்கலங்க. இவதான் டிக்கெட் கேட்டா. நான் என் முக்கோணம் தப்புன்னு பிச்சுப் போடப் போனேன்.

— கேட்டியா அண்ணா, நானும் இஞ்சினியர்தான் இனிமே.

— தண்ணி குடு.

— இந்தாங்க. மெதுவா.

— அந்தச் சாக்கைப் பிரிச்சுப் பாத்துட்டீங்களா?

— பாத்தோம். ஏங்க வச்சிருக்கீங்க?

— அஞ்சும் ஒரே எடத்துல கிழிஞ்சிருக்கு. உள் வட்டம் சேர்ற எடத்துல. அஞ்சு வேற வேற வண்டி, வேற வேற ஆளு, எப்படி ஒரே எடத்துல கிழியும்? எனக்குப் புரியல. புரியாததை எப்படித் தூக்கிப் போடறது? ஞாயித்துக்கிழமை யாரும் இல்லாதப்ப எறக்கி எறக்கிப் பாப்பேன்.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

— சொன்னா நீ நோட்டுல எழுதிடுவியேன்னு இருந்துச்சு.

— எழுதியிருப்பேன்தான்.

— வாடகை வண்டிக்காரர் இதே எடத்துல நின்னார். நீங்க வச்ச எடத்துலேர்ந்து நான் ஒரு புள்ளி நகத்தல மாஸ்டர்னு சொன்னார். நகத்தாம எப்படிக் கிழியும், அளவு மீறி வச்சிருப்பீங்கன்னு திருப்பி அனுப்பினேன். நகத்தியிருக்க மாட்டார். நான் வச்ச எடத்துலயேதான் வச்சிருந்திருப்பார்.

— நாளைக்கே அவங்களைக் கூப்பிடலாம். அஞ்சு பேரு நம்பரும் என்கிட்ட இருக்கு. புதுசு மாட்டிக் குடுப்போம்.

— நாலு பேரு. அஞ்சாவது ஆளுக்கு நாளைக்குச் சொன்னா லேட்டு.

— அண்ணா, மணி ரெண்டே முக்கால். வருத்தப்படறதை வண்டியில வச்சுக்கலாம். அண்ணி, ஒண்ணு கேக்கறேன், தெளிவா சொல்லுங்க. ஆறுல ஓட்டினா நம்மது கிழியாதுல்ல?

— கிழியாது.

— சத்தம் கம்மியாயிடுமே?

— ரொம்ப இல்ல. பன்னெண்டைத் தாண்டினா சூடுதான் ஏறும், சத்தம் அந்த அளவுக்கு ஏறாது. போட்டிக்காரங்க மீட்டர்ல ஒரு புள்ளி கொறையலாம், ஒண்ணரை கொறையலாம்.

— பெட்டிக்காரரும் இன்னைக்கு வர்றாரே. அவரும் இதே வூஃபர்தானே போட்டிருக்கார்?

— இதேதான். இருபத்துநாலு, கெயின் ஒம்பது. நான் சொல்லிக் குடுத்ததை அவன் மாத்தவே மாட்டான். சண்டை போட்டாலும் என் கணக்கை விடமாட்டான், அவன் அப்படி.

— ஒம்பதுல முப்பது செகண்டு ஓட்டினா?

— இருபது தாண்டாது.

— அப்ப கணக்கு முடிஞ்சுது. அவர் வண்டி நடு ரோட்டுல படுத்துடும். நாம ஆறுல நிம்மதியா போயி கப்பைத் தூக்கிட்டு வந்துடலாம். ரைட், போலாம்.

— அவனுக்குச் சொல்லணும்.

— எதுக்கு அண்ணா? அஞ்சு மணிக்கு மேல சொல்லு. நாலு பேரு முன்னாடி அன்னைக்கு உன்னை என்னல்லாம் கேட்டார்.

— நான் கேட்டதை விட்டுட்டியே.

— சரி, சொல்லு. சொன்னா என்ன ஆகும்? அவரும் ஆறுக்கு வந்துடுவார். ரெண்டு வண்டியும் ஒரே வூஃபர், ஒரே கெயின். அப்புறம் பெட்டிதான் பேசும். அவர் பெட்டிக்கு முன்னாடி நம்ம பெட்டி நிக்குமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லு.

— நிக்காது.

— டிப்போவே வருது அண்ணா. நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நாளைக்கு வேலைக்குப் போறது?

— அவன் வூஃபர் கிழிஞ்சு நான் கப்பு வாங்கினேன்னா, அந்தக் கப்பைக் கடையில எங்க வைப்பேன்? இந்தப் பரண் மேல அந்தச் சாக்குக்குள்ளதான் வைக்கணும். நான் சொல்றது புரியுதா? நான் ஒண்ணும் சாமியார் இல்ல. எனக்கும் ஜெயிக்கணும்னுதான் இருக்கு. என் தப்பை வச்சு அவனை ஜெயிக்க வேணாம்.

— அண்ணி, நீங்களாவது சொல்லுங்க.

— நான் என்ன சொல்றது? எங்க வீட்டுக்காரரை இப்படிப் பாக்கறதுக்கு நானும் ஒரு கப்பு குடுக்கலாம்.

— அது சரி. புருஷனும் பொண்டாட்டியும் ஒரே பக்கம். நான்தான் வில்லி. ஃபோனை எடு அண்ணா, போடு.

— என் நம்பரைப் பாத்தா எடுக்க மாட்டான்.

— எடுக்க மாட்டார். ரெண்டு வருஷமா உன்கிட்ட சொல்லாம இருந்தேன், என் நம்பர்னா எடுப்பார். அவர் வீட்டம்மா தெனம் என் பஸ்லதான் வர்றாங்க. இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன்.

— கண்டக்டரம்மா, நீ...

— ஒண்ணும் பேசாத. மணி அடிக்குது.

— ஹலோ, யாரு, தங்கச்சியா? வண்டியில ஏறிட்டேம்மா, மைதானத்துக்குப் போய்க்கிட்டிருக்கேன். வீட்ல ஒண்ணும் பிரச்சினை இல்லையே?

— ஒண்ணும் இல்லண்ணா. அண்ணி உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணுமாம்.

— எந்த அண்ணி?

— நான்தாண்ணா, மாஸ்டர் வீட்டுல. வச்சுடாதீங்க. உங்க கெயினை ஒம்பதுலேர்ந்து ஆறுக்கு எறக்குங்க. கோன் எல்லை ஒரு பக்கத்துக்குப் பன்னெண்டுதான். இருபத்துநாலுன்னு நாங்க தப்பாப் படிச்சிருக்கோம். ஒம்பதுல ஓட்டினா முப்பது செகண்டு தாங்காது.

— அடேங்கப்பா. போட்டிக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது நான் கெயினைக் குறைக்கணுமா? நல்லா இருக்கும்மா யோசனை. இது உன் யோசனையா, அவன் யோசனையா?

— நான் அளந்துட்டுத்தான் சொல்றேண்ணா.

— நீ நல்ல பொண்ணு, உன்னைத் தப்பா சொல்லல. ஆனா அவன் பக்கத்துல நின்னுக்கிட்டு உன்னைப் பேச விட்டிருக்கான்னு எனக்குத் தெரியும். மூச்சு கேக்குது. எட்டு வருஷம் கேட்ட மூச்சு. நான் எதுக்கு நம்பணும், அவன் வாயால ஒரு காரணம் சொல்லட்டும்.

— என்னங்க.

— ஃபோனை இப்படிக் குடு.

— லைன்ல இருக்கார். பேசுங்க.

— ஆறுல வைடா. என் பொண்டாட்டி நாலு தடவை அளந்திருக்கா, அவ அளந்தா அளந்ததுதான். அன்னைக்கு உன் பெட்டி நல்லாத்தான் இருந்துச்சு.